சத்தம் குறைந்திருக்கிறது என்று நான் சொன்னேன்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் டொக்டர்களான நீங்கள், இதயத்தின் சத்தங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேச முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். எந்த வால்வின் சத்தம் நெஞ்சில் எந்த இடத்தில் கேட்கும், எது முதல் சத்தத்துக்குப் பின்னால் வரும், எது இரண்டாவதற்குப் பின்னால் வரும் என்பதெல்லாம் உங்கள் கைபேசியில் ஒலிப்பதிவாகவே இருக்கிறது. என்னைவிடப் பொறுமையாக அது சொல்லித்தரும். முப்பத்தொரு வருடம் கிழக்கு லண்டனில் ஜீபியாக, அதாவது குடும்ப டொக்டராக, இருந்து ஓய்வு பெற்றவள் நான். சரியாகக் கண்டுபிடித்த சத்தங்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் பாதி இன்று எனக்கு நினைவில்லை. நினைவில் இருப்பது, காதால் சரியாகக் கேட்டு மனதால் பிழையாக விளங்கிக்கொண்ட ஒன்று. அதைச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

மனைவியும் மகளும் வருடக்கணக்காக என்னிடம் வருகிறவர்கள்; சிவநேசன் தனக்கென்று முதன்முதலாக வந்தபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. பிளேஸ்டோவில் எங்கள் கிளினிக்குக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்குப் போய், அங்கே பதினாறு வருடம் இருந்து, கார்பெட் போடும் தொழிலைப் பழகி, மகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று லண்டனுக்கு வந்தவர். பிளேஸ்டோவிலும் செவன் கிங்ஸிலும் பாதித் தமிழ் வீடுகளின் படிக்கட்டில் தன்னுடைய கார்பெட்தான் கிடக்கிறது என்பார். அகன்ற தோள்கள். கார்பெட்டை இழுத்துப் பொருத்துவதற்கு ஒரு கருவியை முழங்காலால் உதைத்து உதைத்து வேலை செய்ய வேண்டும். முப்பது வருடம் அப்படி உதைத்ததில் முழங்கால்கள் மட்டும் கெட்டுப்போயிருந்தன.

அன்றைக்கு வந்தது இருமலுக்கு. நெஞ்சைக் கேட்கும்போது மரத்தைப் பல் வைத்த வாளால் அறுப்பது போன்ற இரைச்சல் ஒன்று கேட்டது. முதல் சத்தத்துக்கும் இரண்டாவது சத்தத்துக்கும் இடையில், கரகரப்பாக, கழுத்து வரைக்கும் ஏறியது. நான் ஸ்டெதஸ்கோப்பை இடம் மாற்றி மாற்றி வைத்தேன். என்ன டொக்டர், சத்தம் போடாமல் நிற்கிறீர்கள் என்று அவர்தான் கேட்டார்.

இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் போகும் வாசலில் ஒரு கதவு இருக்கிறது, அது தடித்துப்போய் முழுதாகத் திறக்க மாட்டேன் என்கிறது, ஒடுங்கிய இடைவெளியால் இரத்தம் முட்டிக்கொண்டு போகிற சத்தம்தான் எனக்குக் கேட்கிறது என்று விளக்கினேன்.

“தடிச்ச கார்பெட் போட்டா கதவு அடியில உரசுமே டொக்டர். அந்த மாதிரியோ?”

எனக்கு அந்த உவமை மிகவும் பிடித்துப்போய்விட்டது. பிறகு வேறு நோயாளிகளுக்கும் அதையே சொல்லத் தொடங்கினேன். அது எவ்வளவு ஆபத்தான உவமை என்பது அப்போது தெரியவில்லை.

ஸ்கான் எடுத்தார்கள். வால்வு நடுத்தரமாக ஒடுங்கியிருக்கிறது, வருடத்துக்கொரு முறை ஆஸ்பத்திரியில் பார்ப்போம், ஒரு நாள் மாற்ற வேண்டி வரும் என்றார்கள். இரண்டு வருடம் ஒழுங்காகப் போனார். மூன்றாவது வருடம் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் வரிசை நீண்டு, அவருக்குக் குறித்திருந்த தவணை நாளை அவர்களே தள்ளிப் போட்டார்கள். அந்தக் கடிதம் எனக்கும் வந்தது. பார்த்துவிட்டுக் கோப்பில் போட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. காலையிலிருந்து மழை. நான் நோயாளிகளை நாற்பது நிமிடம் பிந்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே இரண்டு தாய்மார் காய்ச்சல்காரப் பிள்ளைகளோடு இருந்தார்கள். சிவநேசன் மனைவி கௌரியோடு உள்ளே வந்தார். முழங்கால் வலி என்று பதிவாகியிருந்தது. கௌரி ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை செய்பவர். அதிகம் கதைக்க மாட்டார். அன்று அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“இவர் இப்ப மேல ஏறிப் படுக்கிறதே இல்லை டொக்டர். கீழ சோபாவிலதான் படுக்கை.”

“முழங்கால் டொக்டர். படி ஏறேலாது,” என்றார் சிவநேசன்.

நான் கணினியில் முழங்கால் என்று எழுதினேன்.

மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். நெஞ்சில் ஏதாவது இறுக்கம், தலைச்சுற்று? இல்லை. வேலை எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு, கௌரியின் தம்பிதான் இப்போது கார்பெட் சுருள்களைத் தூக்கி மேலே கொண்டுபோகிறார், தான் அளந்து வெட்டிப் பொருத்துவதோடு சரி என்றார். வயதாகிறதுதானே என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் என்னிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவருக்கு மூச்சு வாங்கவில்லை என்பது உண்மை. மூச்சு வாங்க வைக்கும் ஒவ்வொரு காரியத்தையும் ஒவ்வொன்றாக, தனக்கே தெரியாமல், கைவிட்டுவிட்டிருந்தார். சுருளைத் தூக்குவதை விட்டார். படியேறுவதை விட்டார். படுக்கும் இடத்தையே மாற்றினார். நான் கேட்க வேண்டியிருந்த கேள்வி, என்ன செய்கிறது என்பது அல்ல. போன வருடம் செய்தது எதை இந்த வருடம் செய்வதில்லை என்பது. அதற்கான பதிலை அவருடைய மனைவி நான் கேட்காமலே சொல்லிவிட்டார். நான் அதை முழங்காலின் கணக்கில் எழுதினேன்.

எழும்பும்போது சிவநேசன் இன்னொன்று சொன்னார். ஆஸ்பத்திரி புதிய திகதி அனுப்பியிருக்கிறது. அது மகள் ஆரணியின் பொன்னுருக்கு நாளில் வந்து நிற்கிறது. கலியாண வீட்டுக்காரன் தாலிக்குப் பொன் உருக்கும் நாளில் ஆஸ்பத்திரியில் போய்க் குந்தியிருக்க முடியுமா? வந்ததுதான் வந்தேன், நெஞ்சை நீங்களே ஒருக்கால் கேட்டுப் பாருங்கள் என்றார்.

அவர் மேல் கோட்டும் அதற்குள் கம்பளிச் சட்டையும் போட்டிருந்தார். கழற்றி மாட்ட நேரமாகும். மேல் பொத்தான் இரண்டைத் திறக்கச் சொல்லி அந்த வழியாகவே ஸ்டெதஸ்கோப்பை விட்டேன். இரைச்சல் இருந்தது. ஆனால் மெல்லியதாக, தூரத்தில் எங்கோ கேட்பது போல இருந்தது. பழைய வாள் சத்தம் இல்லை.

உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோசமாக இருந்தது. எனக்குப் பிடித்த மனிதர். மகளின் கலியாணம் வருகிறது. மோசமான செய்தி சொல்ல எனக்கு விருப்பமில்லை, நேரமும் இல்லை. அந்த நேரத்தில் காதில் விழுந்தது நல்ல செய்தியாகத் தெரிந்தது.

“முந்தி மாதிரி இல்லை அண்ணை. சத்தம் குறைஞ்சிருக்கு,” என்றேன்.

“அப்ப கதவு கொஞ்சம் இளகியிருக்கு எண்டுறியள்.”

நான் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு முழங்காலுக்கு மருந்து எழுதினேன். திகதியை மாற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றும் சொல்லவில்லை. அவர் கோட்டுப் பையிலிருந்து கலியாண அழைப்பிதழை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். லூயிஷாமில் மண்டபம் எடுத்திருக்கிறோம், கட்டாயம் வரவேண்டும் என்றார். கை கொடுத்தபோது அவருடைய கை குளிராக இருந்தது. மாசி மாதம்தானே என்று நினைத்தேன்.

உங்களுக்கு இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எனக்கும் இருந்தது. ஒடுங்கிய வால்வு வழியாக இரத்தத்தை இதயம் பலமாகத் தள்ளும் வரைக்கும்தான் இரைச்சல் பெரிதாக இருக்கும். தள்ளித் தள்ளி இதயம் களைத்துவிட்டால் போகிற இரத்தமும் குறையும், சத்தமும் குறையும். கதவு இளகியதால் சத்தம் குறையவில்லை. கதவைத் தள்ளுகிறவனுக்குத் தெம்பு இல்லாமல் போனதால் குறைந்தது. பரீட்சையில் யாராவது கேட்டிருந்தால் ஒரு மூச்சில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அன்று யாரும் கேள்வியாகக் கேட்கவில்லை. ஒரு மனிதர் கோட்டோடு நின்று, நல்லது என்று சொல்லுங்கள் என்று முகத்தால் கேட்டார்.

அன்று நான் இன்னொன்றையும் கவனிக்கவில்லை. இரைச்சல் முடிந்த பிறகு, வால்வு மூடும் இரண்டாவது சத்தம் தெளிவாக விழ வேண்டும்; வால்வு மிகவும் தடித்துவிட்டால் அது கேட்காது. அது விழுந்ததா? எனக்குத் தெரியாது. இரைச்சலைத்தான் தேடினேன். அது குறைவாகக் கிடைத்ததும் கருவியை எடுத்துவிட்டேன்.

ஒரு மாதம் தாண்டி, ஐந்து கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை பின்னேரம் சிவநேசன் இறந்துபோனார். மகளும் மாப்பிள்ளையும் கலியாணத்துக்குப் பிறகு இருப்பதற்குச் செவன் கிங்ஸில் ஒரு பிளாட் எடுத்திருந்தார்கள். இரண்டாவது மாடி, லிப்ட் இல்லை. படுக்கை அறைக்குத் தானே கார்பெட் போட்டுத் தர வேண்டும் என்று அவருக்கு ஆசை. கௌரியின் தம்பி போக்குவரத்தில் மாட்டிக்கொண்டார். காத்திருந்து பார்த்துவிட்டுச் சுருளைத் தானே தோளில் வைத்து மேலே கொண்டுபோயிருக்கிறார். தம்பி வந்து கதவைத் திறந்தபோது பாதி விரித்த கார்பெட்டில் குப்புறக் கிடந்தாராம். அம்புலன்ஸ் சீக்கிரம்தான் வந்தது. பயனில்லை.

திங்கட்கிழமை காலை மரண விசாரணை அதிகாரியின் அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. கடைசியாக எப்போது பார்த்தீர்கள், என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்கள். கேள்வியை அவர்கள் முடிப்பதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. பிரேதப் பரிசோதனை முடிவு பிறகுதான் வந்தது. வால்வு மிக மோசமாக ஒடுங்கி, இதயம் வீங்கித் தளர்ந்திருந்தது என்று எழுதியிருந்தார்கள். அதை நான் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்க்காதது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இன்னொரு குறிப்பு. நோயாளி தானே தொலைபேசியில் கூப்பிட்டு, சுகமாக இருக்கிறேன் என்று சொல்லி, தவணையை இரண்டு மாதம் தள்ளிப் போடச் சொல்லியிருந்தார். கூப்பிட்டது அந்தத் திங்கட்கிழமை மத்தியானம். என் அறையிலிருந்து போய் இரண்டு மணித்தியாலம்கூட ஆகியிருக்காது.

கணினியைத் திறந்து என் குறிப்பைப் பார்த்தேன். ‘இரைச்சல் மெல்லியது, முன்பைவிடக் குறைவு.’ அவ்வளவுதான். அதற்கு அடுத்த வரி வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையான வரியில் ‘ஆஸ்பத்திரித் தவணைக்குத் தவறாமல் போகும்படி சொன்னேன்’ என்று எழுதினால் என்ன என்று தோன்றியது. வழக்கமாகச் சொல்வதுதானே, அன்றைக்கும் சொல்லியிருப்பேன்தானே, யாருக்குத் தெரியும்? விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். கடைசியில் எழுதவில்லை. நேர்மை என்று சொல்லிப் பெருமைப்பட மாட்டேன். எப்போது எழுதினோம் என்பதையும் கணினி குறித்துக்கொள்ளும் என்ற பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்றைக்கும் ஏலாது. உங்களுக்கும் இப்படி ஒரு வெறுமையான வரி ஒரு நாள் முன்னால் வரும். அப்போது பயத்தினால் கையை எடுத்தாலும் பரவாயில்லை, எடுத்துவிடுங்கள்.

கிளினிக்கில் என்னோடு சேர்ந்து வேலை செய்த மற்ற டொக்டர் மதுரைக்காரர். நல்ல மனிதர், நிதானமானவர். நடந்ததை அவரிடம் சொன்னேன். குடும்பத்திடம் போய்ச் சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“சொல்லாதீங்கன்னு சொல்லலை. முறைப்படி கடிதம் போகட்டும், அப்புறம் கூப்பிட்டுப் பேசலாம். நீங்க தனியா உக்காந்து சொன்னீங்கன்னா, உங்க மனசு லேசாகும். அவங்களுக்கு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?”

அவர் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து சில நாட்களில் கௌரி தானாகவே வந்தார். நித்திரை வருகுதில்லை என்று பதிவாகியிருந்தது. மெலிந்துபோயிருந்தார். நான் எழும்பிப் போய்க் கையைப் பிடித்தேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். அன்றைக்கு இங்கிருந்து போகும்போது இவர் பிள்ளை மாதிரிச் சந்தோசமாகப் போனார், சத்தம் குறைந்துவிட்டதாம் என்று பார்க்கிற ஆட்களுக்கெல்லாம் சொன்னார், நெஞ்சில் இருந்த பயம் போய்க் கலியாண வேலையெல்லாம் ஓடி ஓடிச் செய்தார், அந்த ஐந்து கிழமையும் அவர் நல்லாக இருந்தார் என்றார். அதைத்தான் நினைத்துக்கொண்டு இருக்கிறேன் என்றார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். நித்திரைக்கு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். கடிதம் எப்படியும் வரும், விசாரணை எப்படியும் நடக்கும். ஆனால் அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு ஒரு நாள் கடிதத்தில் அவர் உண்மையைப் படிக்கட்டும் என்று விட எனக்கு மனம் வரவில்லை. கௌரி, நான் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“சத்தம் குறைஞ்சது நல்லதுக்கில்லை. இதயம் களைச்சுப்போனதால குறைஞ்சது. அது எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும். நான் பிழையா விளங்கிக்கொண்டு அவருக்குச் சொல்லிப்போட்டன். ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் போங்கோ எண்டும் சொல்லேல்லை.”

கௌரி மடியில் இருந்த கைப்பையின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, அழாமல், மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அண்டைக்குச் சரியாச் சொல்லியிருந்தா, இருந்திருப்பாரோ?”

“இருந்திருக்கலாம். நிச்சயமாச் சொல்லேலாது. ஆனா இருந்திருக்கலாம்.”

அவர் தலையை ஆட்டினார்.

“அந்த அஞ்சு கிழமைதான் டொக்டர் எனக்கு மிஞ்சினது. இப்ப அதையும் எடுத்துப்போட்டியள்.”

எழும்பினார். நித்திரை மருந்து வேண்டாம் என்றார். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார். அடுத்த கிழமை தன்னுடைய பதிவை வேறு கிளினிக்குக்கு மாற்றிக்கொண்டார் என்று ரிசப்ஷனில் சொன்னார்கள். மதுரைக்காரர் கேட்ட கேள்வி என்னைக் காப்பாற்றக் கேட்டது அல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியதுதான். அதைச் சொல்லும்போது பக்கத்தில் அவருடைய மகளோ தம்பியோ இருந்திருக்க வேண்டும். ஒரு விதவையைத் தனியாக உட்கார வைத்து, அவரிடம் மிஞ்சியிருந்ததையும் பறித்து, அவரைத் தனியாகவே பிளேஸ்டோ மழைக்குள் அனுப்பினேன். உண்மையைச் சொன்னோம் என்ற நிம்மதி வரும் என்று அன்று முழுவதும் எதிர்பார்த்தேன். வரவில்லை.

அதற்குப் பிறகு சில மாதங்கள் நான் உங்களுக்குக் காட்டக்கூடிய டொக்டராக இருக்கவில்லை. என் காதுகளை நான் நம்பவில்லை. இதயத்தில் சிறு இரைச்சல் கேட்டவர்களை எல்லாம் ஸ்கானுக்கு அனுப்பினேன். இரைச்சல் எதுவுமே இல்லாதவர்களையும் அனுப்பினேன். காய்ச்சலோடு வந்த பிள்ளைகளுக்குத் தற்காலிகமாகக் கேட்கும், ஒரு கெடுதலும் இல்லாத சத்தத்துக்கும் அனுப்பினேன். தாய்மார் கலங்கிப்போனார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் பொறுமையாகக் கூப்பிட்டுச் சொன்னார்: நீங்கள் அனுப்புகிறவர்களால் வரிசை நீள்கிறது, உண்மையில் பார்க்க வேண்டியவர்கள் பின்னால் போகிறார்கள். சிவநேசனின் தவணை எதனால் தள்ளிப்போனது என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. பயமும் ஒரு பிழையான தீர்ப்புத்தான். அதற்கான விலையை நாம் பார்க்காத யாரோ கொடுக்கிறார்கள்.

மெல்ல மெல்லத் திரும்பி வந்தேன். கோட்டைக் கழற்றச் சொல்லிக் காத்திருக்கப் பழகினேன். கேட்கும்போது கதைப்பதை நிறுத்தினேன். பழைய குறிப்பைத் திறந்து, அன்றைக்கு இருந்தது இன்று ஏன் இல்லை என்று கேட்கப் பழகினேன். ஒரு சத்தம் மாறியிருந்தால், அது எந்தப் பக்கம் மாறியிருந்தாலும், அதைப் பற்றி இன்னொருவரிடம் கேட்காமல் நோயாளியிடம் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். கூட வரும் மனைவியோ மகனோ சொல்வதை, அது சம்பந்தமில்லாதது போலத் தெரிந்தாலும், அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதினேன். இவற்றை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் இவற்றை எழுதிக்கொண்டு போனால் போதும் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கும் இவை எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தன.

இன்னும் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கௌரி என்னிடம் வந்துபோய் இரண்டு மாதம் கழித்து, குடும்பம் எழுதிக் கொடுத்திருந்த முறைப்பாடு பற்றிப் பேசுவதற்கு ஒரு சந்திப்பு ஏற்பாடானது. கிளினிக்கின் மேல் மாடி அறை, காலை பத்து மணி. மதுரைக்காரரும் மனேஜரும் நானும் ஒரு பக்கம். மறுபக்கம் சிவநேசனின் மகள் ஆரணி தனியாக. அம்மா வரவில்லை. ஆரணிக்கு இருபத்தெட்டு வயது, தகப்பனுடைய தோள்கள். லூயிஷாம் மண்டபத்தை விட்டுவிட்டார்கள். பதிவுத் திருமணம் மட்டும், பத்துப் பேரோடு, போன கிழமைதான் நடந்திருந்தது. அதை அவர் சொல்லவில்லை. கையில் புதிய மோதிரம் இருந்தது.

மனேஜர் ஆங்கிலத்தில் தொடங்கினார். வருந்துகிறோம் என்றார், என்னென்ன மாற்றங்களைச் செய்திருக்கிறோம் என்று தாள் ஒன்றைப் பார்த்து வாசித்தார். ஆரணி குறுக்கிடாமல் கேட்டார். நீங்கள் அனுப்பிய கடிதம் முழுவதையும் வாசித்துவிட்டேன், வால்வைப் பற்றியும் படித்துவிட்டேன், அதெல்லாம் விளங்குகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். சின்ன வயதில் தடுப்பூசிக்கு வரும்போது கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டார்.

“அன்ரி, அப்பாவின்ர நெஞ்சை எவ்வளவு நேரம் கேட்டனீங்கள்?”

கடிதத்தில் அது இருக்கவில்லை. யாரும் என்னிடம் கேட்டதும் இல்லை. மனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மதுரைக்காரர் அவருடைய கையைத் தொட்டு நிறுத்தினார். நான் யோசித்துப் பார்த்தேன். பொத்தானைத் திறந்தது, கருவியை உள்ளே விட்டது, எடுத்தது.

“பதினைஞ்சு வினாடி இருக்கும்,” என்றேன்.

ஆரணி கைபேசியை எடுத்து மேசையில் வைத்தார். திரையில் வினாடிகள் ஓடுவது எல்லோருக்கும் தெரியும்படி திருப்பி வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. கீழே ரிசப்ஷனில் யாரோ ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். ஏழு, எட்டு. மனேஜர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரணி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது இவ்வளவு நீளமான நேரம் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. அதற்குள் இரண்டாவது சத்தம் இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். கௌரியிடம் திரும்பி, எப்போதிலிருந்து கீழே படுக்கிறார் என்று கேட்டிருக்கலாம். பதின்மூன்று, பதினான்கு.

பதினைந்தில் ஆரணி திரையை அணைத்தார். கைபேசியைப் பைக்குள் போட்டார்.

“சரி அன்ரி. வீட்டை போய் அம்மாவுக்குச் சொல்லவேணும். அவா அதைத்தான் கேட்டு வரச் சொன்னவா.”

கதிரையைத் திரும்ப மேசையோடு சேர்த்து வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.